தடை தாண்டும் குதிரைப் பந்தயம்: எந்தக் குதிரைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணிப்பது எப்படி?

கிண்டியிலும் ஊட்டியிலும் பந்தயம் பார்த்துப் பழகியவர்கள்கூட, இங்கிலாந்தில் குளிர்காலப் பந்தயத் திடலுக்கு முதன்முறை போகும்போது திகைத்துப் போவார்கள். நமக்குத் தெரிந்தது சமதளப் பந்தயம். இங்கே ஓட்டம் பெரும்பாலும் இரண்டு மைலுக்குக் குறையாது. வழி நெடுகத் தடைகள், காலடியில் பெரும்பாலும் சேறு. இரும்புக் கதவுப் பெட்டியிலிருந்து குதிரைகள் பாய்வதில்லை. ஒரு நாடாவுக்குப் பின்னால் கூடி நின்று புறப்படுகின்றன. ஆகவே எந்தப் பெட்டி, உள்பக்கமா வெளிப்பக்கமா என்ற கணக்கெல்லாம் இங்கே உதவாது. கீழே விழுமா என்ற கேள்வி புதிதாகச் சேர்ந்துகொள்கிறது.

ஆங்கிலத்தில் கிடைக்கும் கையேடுகள் படிப்பவருக்குப் பாதி ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அவற்றோடு மல்லாடித்தான் இதைக் கற்றுக்கொண்டேன். நீங்கள் அந்தப் பாடு பட வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பந்தயப் பணம் வாங்கும் புக்கிகள் சொல்லும் விலையை, அதாவது ஜெயித்தால் எத்தனை மடங்கு தருவார்கள் என்பதைப் பார்ப்பதற்கு முன்பே, பந்தயத்தில் ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று நீங்களே ஓர் எண் எழுதியிருக்க வேண்டும். விலையை முதலில் பார்த்தவர் அதற்கு ஏற்றபடிதான் காரணம் தேடுவார். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த எண்ணை எழுதுவதற்காகத்தான்.

1. கையில் இருக்க வேண்டியவை, செலவு, நேரம்

அன்று ஓடும் குதிரைகளின் விவரப் பட்டியலான ரேஸ் கார்டுதான் முதல் ஆவணம். திடலில் அச்சுப் பிரதிக்கு 3 முதல் 5 பவுண்டு ஆகும். சில திடல்களில் டிக்கெட்டோடு சேர்த்தே தருவார்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்து படிக்க அது தேவையில்லை. ஸ்போர்ட்டிங் லைஃப், அட் தி ரேசஸ் ஆகிய இணையதளங்களில் முழு ரேஸ் கார்டும் பழைய ஓட்டங்களின் விவரமும் இலவசம். பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையத்தின் தளத்தில் ரேட்டிங் (குதிரையின் திறனுக்குத் தரும் எண்) முதல் தரை நிலவரம் வரை கிடைக்கும். இவை போதும். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் மாதச் சந்தா வாங்கிக்கொண்டு 'உறுதியான டிப்' தருகிறேன் என்பவர்களுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். தோற்ற டிப்புகளை அழித்துவிட்டு ஜெயித்தவற்றை மட்டும் காட்டுவது அங்கே சாதாரணம்.

சிறிய திடல்களில் வார நாள் நுழைவுக் கட்டணம் பொதுவாக 15 முதல் 25 பவுண்டுக்குள் இருக்கும். முன்பதிவு செய்தால் குறையும். மார்ச் மாத செல்டன்ஹம் விழாவும் ஏப்ரல் மாத கிராண்ட் நேஷனலும் இதைப்போல் பல மடங்கு. பழகுவதற்கு அந்த நாட்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பந்தயம் கட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இளமையான தோற்றம் உள்ளவர்கள் பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ எடுத்துச் செல்லுங்கள். 2020 ஏப்ரல் முதல் பிரிட்டனில் கிரெடிட் கார்டில் பந்தயம் கட்ட முடியாது. டெபிட் கார்டோ ரொக்கமோதான். திடல் புக்கிகள் பலர் 5 பவுண்டுக்குக் குறைந்து வாங்க மாட்டார்கள். போய்விட்டால் வருந்த மாட்டேன் என்று சொல்லக்கூடிய தொகையை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். வாடகைப் பணத்தைத் தொடும் எண்ணம் வந்தால், அன்றைக்குப் பந்தயம் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இணையக் கணக்குகளை மொத்தமாக மூட கேம்ஸ்டாப் என்ற இலவசப் பதிவு இருக்கிறது.

எந்தக் குதிரைகள் ஓடும் என்பது பெரும்பாலான நாட்களில் பந்தயத்துக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கு உறுதியாகும். பெரிய பந்தயங்களுக்கு 48 மணி நேரம் முன்பே தெரிந்துவிடும். முந்தைய நாள் மதியம் உட்காருங்கள். ஒரு பந்தயத்தை ஒழுங்காகப் படிக்கப் புதியவருக்கு அரை மணி நேரமாவது வேண்டும். ஏழு பந்தயங்கள் என்றால் மாலை முழுதும் போய்விடும். அதனால்தான் அடுத்த படி.

2. பாதிப் பந்தயங்களைத் தள்ளிவிடுங்கள்

ஒரு நாள் அட்டவணையில் ஆறு, ஏழு பந்தயங்கள் இருக்கும். ஹர்டில் என்பது தாழ்ந்த தடை, ஏறக்குறைய மூன்றரை அடி. தட்டினாலும் வளைந்து கொடுக்கும். சேஸ் என்பது பிர்ச் குச்சிகளை நெருக்கிக் கட்டிய, குறைந்தது நாலரை அடி உயரத் தடை. மோதினால் குதிரைதான் வளைய வேண்டும். பம்பர் என்பது இளங்குதிரைகள் தடை இல்லாமல் ஓடிப் பழகும் பந்தயம்.

பம்பரை விட்டுவிடுங்கள். முதன்முறை ஓடும் குதிரைகள் நிறைந்த நாவிஸ் ஹர்டிலையும் (அனுபவம் குறைந்த குதிரைகளுக்கானது) விட்டுவிடுங்கள். அவற்றில் படிப்பதற்கு ஒன்றும் இருக்காது. தகவல் எல்லாம் லாயத்துக்குள்ளேயே இருக்கும். எட்டு முதல் பன்னிரண்டு குதிரைகள் ஓடும் ஹேண்டிகேப் சேஸ்தான் (திறனுக்கு ஏற்ப எடை ஏற்றி ஓட விடும் பந்தயம்) கற்பதற்கு ஏற்றது. எல்லாமே பலமுறை ஓடியவை, ரேட்டிங் உள்ளவை. அட்டவணையில் அப்படி இரண்டு, மூன்று கிடைத்தால் போதும்.

3. தரை

புதியவர்கள் கடைசியில் பார்ப்பதும் பழகியவர்கள் முதலில் பார்ப்பதும் இதுதான். தரை நிலவரத்தை ஹெவி, சாஃப்ட், குட் டு சாஃப்ட், குட், குட் டு ஃபர்ம், ஃபர்ம் என்று ஈரமானதிலிருந்து காய்ந்தது வரை வரிசைப்படுத்துவார்கள். ஹெவி என்றால் குளம்பு ஆழப் புதையும் சேறு. அந்தத் தரையில் மூன்று மைல் ஓடுவது குட் தரையில் அதைவிட நீண்ட தூரம் ஓடுவதற்குச் சமம். வேகத்தால் ஜெயிக்கும் குதிரை அங்கே கடைசி இரண்டு தடைகளில் நின்றுவிடும்.

ஒவ்வொரு குதிரைக்கும் பழைய ஓட்டங்களைத் திறந்து, முதல் மூன்று இடங்களில் வந்தவை எல்லாம் எந்தத் தரையில் என்று ஒரு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். சாஃப்ட் தரையில் நான்கு முறை ஓடி ஒருமுறைகூட நெருங்காத குதிரைக்கு, அதன் கடைசி வெற்றி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், இன்று சாஃப்ட் என்றால் பெரிய எண் கொடுக்காதீர்கள். இதுவரை ஈரத் தரையில் ஓடியதே இல்லை என்பது வேறு விஷயம். அது கேள்விக்குறி, நடு எண் கொடுங்கள்.

முந்தைய மாலை பார்த்த நிலவரத்தோடு நின்றுவிட வேண்டாம். இரவு மழை பெய்தால் காலையில் குட் டு சாஃப்ட் என்பது ஹெவி ஆகியிருக்கும். கடும் பனியில் தரை உறைந்தால் பந்தயமே ரத்தாகும். டிசம்பர், ஜனவரியில் ரயில் ஏறுவதற்கு முன், தரையைச் சோதிக்கும் காலை ஆய்வு முடிந்ததா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டிக்கெட் பணம் திரும்பக் கிடைத்தாலும் ரயில் கட்டணம் கிடைக்காது.

இன்னொன்று: குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து குதிரையின் கண்ணில் அடித்தால் நேர்பாதையில் உள்ள தடைகளை விட்டுவிட்டு ஓடச் சொல்வார்கள். அப்போது நன்றாகத் தாண்டும் குதிரையின் சாதகம் குறைந்து, தடையில்லாத நீண்ட ஓட்டத்தில் வேகமான குதிரைக்கு ஏற்றம் வந்துவிடும். அறிவிப்பு வந்ததும் உங்கள் எண்களைத் திருத்துங்கள்.

4. திடல்

எல்லாத் திடலும் ஒன்றல்ல. செல்டன்ஹம் இடதுபக்கம் வளையும். மேடும் பள்ளமுமாகப் போய், கடைசியில் ஏற்றத்தில் முடியும். கெம்ப்டன் வலதுபக்கம் வளையும், தட்டையானது, வேகத்துக்கு இடம் தரும். சாண்டவுனில் ரயில் பாதையை ஒட்டி மூன்று தடைகள் அடுத்தடுத்து வரும். முதலாவதில் தடுமாறிய குதிரைக்கு மூன்றாவதற்குள் நிதானிக்க நேரமிருக்காது. செப்ஸ்டோவில் டிசம்பர் இறுதியில் நடக்கும் வெல்ஷ் நேஷனல் பெரும்பாலும் சேற்றில் நடக்கும் நெடுந்தூரப் பந்தயம்.

சில குதிரைகள் தாண்டும்போது ஒரு பக்கம் சாயும். வலதுபக்கம் சாயும் குதிரை இடதுபக்கம் வளையும் திடலில் ஒவ்வொரு தடையிலும் இடத்தை இழக்கும். புகழ்பெற்ற வெள்ளைக் குதிரை டெசர்ட் ஆர்க்கிட் வலது வளைவில் கெம்ப்டனில் நான்கு முறை கிங் ஜார்ஜ் பந்தயத்தை வென்றது. 1989இல் இடது வளைவான செல்டன்ஹமில் சேற்றில் கோல்டு கப்பை வென்றதை இன்றும் வியந்து பேசுவதற்குக் காரணம், அந்த வளைவு அதற்குப் பிடிக்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததுதான். அவ்வளவு மேலான குதிரைக்கே அது சிரமம் என்றால், வார நாள் பந்தயத்தில் ஓடும் நடுத்தரக் குதிரைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரேஸ் கார்டில் பெயருக்குப் பக்கத்தில் 'சி' என்றிருந்தால் இதே திடலில் ஜெயித்தது, 'டி' என்றிருந்தால் இதே தூரத்தில் ஜெயித்தது, 'சிடி' என்றால் ஒரே பந்தயத்தில் இரண்டும். 'பிஎஃப்' என்றால் கடைசி ஓட்டத்தில் ஃபேவரைட்டாக (ஜெயிக்கும் என்று சந்தை அதிகம் நம்பிய குதிரையாக) இருந்து தோற்றது.

5. பெயருக்கு முன்னால் இருக்கும் எண்களும் எழுத்துகளும்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு குதிரையின் முன்னால் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

3 1 / பி 2 - 4 எஃப் 1

வலது ஓரத்தில் இருப்பதுதான் கடைசி ஓட்டம். அதில் ஜெயித்தது. அதற்கு முன் 'எஃப்', அதாவது விழுந்தது. அதற்கு முன் நான்காவது. சிறு கோடு சீசன் மாறியதைக் காட்டும். ஆக, போன சீசனில் கடைசியாக ஓடியபோது இரண்டாவது, அதற்கு முன் 'பி' (ஆங்கிலத்தில் P), ஜாக்கி பாதியில் நிறுத்திவிட்டார். சாய்கோடு இருந்தால் ஒரு சீசனுக்கும் மேல் இடைவெளி. பெரும்பாலும் காயம்தான் காரணம். அந்த இடைவெளிக்குப் பின் நின்றுபோய், பிறகு படிப்படியாகத் தேறி, இப்போது ஜெயித்திருக்கிறது. மொத்தத்தில் மேலேறி வரும் குதிரை.

'யூ' என்றால் ஜாக்கி விழுந்தார், குதிரை விழவில்லை. இன்னொரு 'பி' (ஆங்கிலத்தில் B, சில இடங்களில் BD) குறிப்பது, வேறொரு குதிரை விழுந்து இதையும் சாய்த்தது என்பதை. அது இதன் குற்றமல்ல. ஆங்கில எழுத்துகள் இரண்டு தமிழில் ஒரே ஒலியாக இருப்பதால், ரேஸ் கார்டின் கடைசிப் பக்கத்தில் உள்ள குறியீட்டுப் பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்கள். '0' என்றால் ஒன்பதாவது இடத்துக்கும் பின்னால் வந்தது.

எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதுதான் மிகப் பெரிய பொறி. ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஒரு வரி விவரணை இருக்கும். அதைத் திறந்து படியுங்கள். முன்னிலையில் வந்து கடைசித் தடையில் விழுந்த குதிரையும், இரண்டாவது தடையிலேயே தலைகீழாகப் போன குதிரையும் 'எஃப்' என்றே எழுதப்படும். முதலாவது ஏறக்குறைய ஜெயித்த குதிரை. இரண்டாவதற்குத் தாண்டத் தெரியுமா என்பதே கேள்வி. அதேபோல் தொடர்ந்து இரண்டு முறை நிறுத்தப்பட்ட குதிரையிடம் ஏதோ உடல் கோளாறு இருக்கலாம். அதன் எண்ணைப் பாதியாக்குங்கள்.

விழுவது எந்தக் குதிரைக்கும் நேரும். 2025 மார்ச்சில் செல்டன்ஹமில் நடந்த சாம்பியன் ஹர்டிலில் எல்லோரும் எதிர்பார்த்த கான்ஸ்டிட்யூஷன் ஹில் நடுவழியில் விழுந்தது. பிறகு முன்னிலையில் வந்த ஸ்டேட் மேன் கடைசித் தடையில் விழுந்தது. 25/1 விலையில் (ஒரு பவுண்டு கட்டினால் 25 பவுண்டு லாபம்) இருந்த கோல்டன் ஏஸ் ஜெயித்தது. தாழ்ந்த ஹர்டிலிலேயே இப்படி என்றால், எவ்வளவு வலுவான குதிரையானாலும் சேஸில் அதற்கு 70, 80 என்று எழுதத் துணியாதீர்கள்.

6. எடையும் ரேட்டிங்கும்

11-4 என்றிருந்தால் 11 ஸ்டோன் 4 ராத்தல், ஏறக்குறைய 72 கிலோ. ஒரு ஸ்டோனுக்கு 14 ராத்தல். ஹேண்டிகேப்பில் ரேட்டிங் ஒரு புள்ளி கூடினால் ஒரு ராத்தல் கூடும். 120 ரேட்டிங் உள்ள குதிரை 12-0 சுமந்தால் 110 உள்ளது 11-4 சுமக்கும். எல்லாவற்றையும் சமமாக்குவதுதான் ரேட்டிங் போடும் ஹேண்டிகேப்பரின் வேலை. எங்கே அவர் கணக்கு பின்தங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

இரண்டு இடங்களில் அது கிடைக்கும். ஒன்று, வேகமாக மேலேறி வரும் இளங்குதிரை. புதிய ரேட்டிங் வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை வெளியாகும். வார இறுதியில் ஜெயித்த குதிரை அதற்குள் மறுபடி ஓடினால், குறிப்பிட்ட அபராத எடை மட்டும் கூடும். உண்மையில் அது அதைவிட முன்னேறியிருக்கலாம். மற்றொன்று எனக்கு மிகவும் பிடித்தது: ரேட்டிங் இறங்கி வந்த பழைய குதிரை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 130இல் ஜெயித்தது, பிறகு பிடிக்காத தரையிலும் பொருந்தாத தூரத்திலும் தோற்றுத் தோற்று இப்போது 117க்கு வந்து நிற்கிறது. இன்று தரையும் திடலும் அந்தப் பழைய வெற்றி நாளைப் போலவே இருந்தால், கடைசி நான்கு ஓட்டங்களின் மோசமான எண்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆனால் வயது பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் அந்தப் பழைய வேகம் திரும்பும் என்று நம்ப வேண்டாம்.

பட்டியலின் அடியில் இருக்கும் குதிரைகளில் ஒரு பொறி இருக்கிறது. சுமக்க வேண்டிய குறைந்தபட்ச எடை என்று ஒன்று உண்டு. ரேட்டிங்படி அதற்கும் கீழே வர வேண்டிய குதிரை, உரியதைவிட ஐந்தாறு ராத்தல் கூடச் சுமக்கும். 'இலகுவான எடை' என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

பயிற்சி நிலை ஜாக்கிகளுக்கு எடைச் சலுகை உண்டு: 20 வெற்றி வரை 7 ராத்தல், 40 வரை 5, 75 வரை 3. திறமையான இளம் ஜாக்கி 5 ராத்தல் சலுகையோடு வந்தால் அது உண்மையான சாதகம். ஹேண்டிகேப் அல்லாத பந்தயங்களில் பெண் குதிரைகளுக்கு 7 ராத்தல் சலுகை. மேலே சொன்ன கோல்டன் ஏஸும் அதைப் பெற்ற பெண் குதிரைதான்.

7. லாயம், ஜாக்கி, முகமூடி

ட்ரெய்னரின் கடைசி 14 நாள் வெற்றி விகிதம் ரேஸ் கார்டில் இருக்கும். முப்பது குதிரை ஓட்டி ஒன்றுகூட ஜெயிக்கவில்லை என்றால் லாயத்தில் சளியோ வேறு நோயோ இருக்கலாம், கவனியுங்கள். மூன்று ஓட்டி இரண்டு ஜெயித்தது என்பதில் பெரிய அர்த்தம் இல்லை. முகமூடி, கன்னப்பட்டை, நாக்குக் கட்டு போன்றவை முதன்முறை அணிந்தால் பக்கத்தில் '1' என்று இருக்கும். மூச்சுக் குழாய் அறுவைச் சிகிச்சை செய்திருந்தால் 2018 முதல் அதையும் அறிவித்தாக வேண்டும்; 'டபிள்யூ' என்று குறிப்பார்கள். நன்றாக ஓடிவந்து கடைசியில் நின்றுபோன குதிரை இந்தச் சிகிச்சைக்குப் பிறகு தேறுவது உண்டு. இவற்றுக்கெல்லாம் இரண்டு, மூன்று புள்ளிக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

8. எண் எழுதுங்கள்

எட்டுக் குதிரை என்றால் சராசரி 12.5. அங்கிருந்து தொடங்குங்கள். தரை ஒவ்வாதவை, தாண்டத் தெரியாதவை, எடையில் அடிபட்டவை ஆகியவற்றிலிருந்து எடுத்து மற்றவற்றுக்குக் கொடுங்கள். உதாரணமாக 26, 20, 16, 13, 10, 7, 5, 3 என்று முடியலாம். கூட்டுத்தொகை கட்டாயம் 100 வர வேண்டும். 130 வந்தால் எல்லாக் குதிரையின் மேலும் உங்களுக்குக் கருணை பிறந்துவிட்டது, மறுபடி உட்காருங்கள். ஃபேவரைட்டுகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறைதான் ஜெயிக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் முதல் குதிரைக்கு 50 எழுதும் ஆசை அடங்கும்.

9. இப்போது விலையைப் பாருங்கள்

வலது எண்ணை இரண்டு எண்களின் கூட்டால் வகுத்தால் விலைக்குள் இருக்கும் வாய்ப்பு வரும். 3/1 என்றால் 25 சதவீதம், 8/1 என்றால் 11, சம விலை என்றால் 50. ஒரு பந்தயத்தில் 2/1, 7/2, 5/1, 6/1, 8/1, 12/1, 16/1, 25/1 என்று விலை இருந்தால் கூட்டிப் பாருங்கள்: 115 வரும். அந்த 15 புக்கியின் பங்கு.

நீங்கள் 26 எழுதிய குதிரை 2/1இல் இருக்கிறது. விலை 33 என்கிறது. விட்டுவிடுங்கள், அது ஜெயித்தாலும் வருந்தாதீர்கள். 16 எழுதிய குதிரை 8/1இல் இருக்கிறது. அதுதான் யோசிக்க வேண்டிய குதிரை. ஆனால் நீங்கள் 30 எழுதியதைச் சந்தை 5 என்றால், சந்தைக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்கள் கண்ணில் படவில்லை. தரை, இடைவெளி, எடை மூன்றையும் திரும்பப் பாருங்கள்.

வெற்றிக்கு மட்டுமின்றி பிளேஸுக்கும் (முதல் சில இடங்களுக்குள் வருவதற்கும்) சேர்த்துக் கட்டும் ஈச்-வே முறையில் கட்டும் பணம் இரட்டிப்பாகும்: 5 பவுண்டு ஈச்-வே என்றால் 10 பவுண்டு. வழக்கமாக எட்டுக் குதிரைக்கு மூன்று இடம், ஐந்து முதல் ஏழுக்கு இரண்டு இடம். எட்டில் ஒன்று கடைசி நேரத்தில் விலகினால் மூன்றாவது இடத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம். விலகிய குதிரை பெரிய ஃபேவரைட்டாக இருந்தால், முன்பே கட்டியவர்களின் வெற்றித் தொகையில் பிடித்தம் செய்வார்கள். 'ரூல் 4' என்பது அதுதான். புக்கி ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

10. திடலில்

குளிர்காலத்தில் முதல் பந்தயம் நண்பகல் கழிந்ததும் தொடங்கி, இருட்டும் முன் எல்லாம் முடியும். இரண்டு பந்தயங்களுக்கு நடுவே அரை மணி நேரம். ஓட்டத்துக்கு முன் பேடாக்கில் (குதிரைகளை நடத்திக் காட்டும் இடம்) குதிரைகள் சுற்றி வரும்போது பாருங்கள்: குளிரிலும் கழுத்தும் பின்தொடைகளின் நடுவும் வெண்நுரையாக வியர்த்திருந்தால் பதற்றத்தில் சக்தி போகிறது. நீண்ட ஓய்வுக்குப் பின் வருவது வயிறு தொங்கலாக இருந்தால் இன்னும் ஓட்டத்துக்குத் தயாராகவில்லை. இரண்டு புள்ளி குறையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பந்தயம் முடிந்ததும் சீட்டைக் கிழிக்காதீர்கள். ஜாக்கிகளை எடை பார்த்து 'வெய்ட் இன்' என்று அறிவித்த பிறகுதான் முடிவு உறுதி. விசாரணை வைத்து இடம் மாற்றுவதும் உண்டு. அன்று மாலையே மறுஒளிபரப்பைப் பார்த்து, நீங்கள் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: எந்தத் தடையில் தவறியது, எந்த இடத்தில் மூச்சு வாங்கியது, தரை எப்படி இருந்தது. அதே குதிரை மூன்று, நான்கு வாரத்தில் வேறொரு திடலில் மறுபடி ஓடும்.